பழைய கர்னலில் எழுந்த கணினி: ஒரு பேனிக்கும் அதன் பிறகான நான்கு மாதங்களும்

எங்கள் சிறு குழுவின் கோப்புகள் எல்லாம் ஒரு பழைய மேசைக் கணினியில் இருக்கின்றன. உபுண்டு 22.04 சர்வர் என்ற லினக்ஸ் இயங்குதளம், ஒரே ஒரு எஸ்எஸ்டி டிஸ்க், அதில் இடத்தைத் தொகுதிகளாகப் பிரித்து ஆளும் எல்விஎம், முன்னால் தனியாக, கணினி எழத் தேவையான கோப்புகளுக்கென்று ஒரு சின்ன /பூட் பிரிவு. ஏழெட்டுப் பேர் எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பு வழியாக உள்ளே வந்து வேலை பார்ப்பார்கள். பராமரிப்பு என் தலையில். அப்டேட்கள் தானாக இறங்கும்படி வைத்திருந்தேன். ரீஸ்டார்ட் மட்டும் கையால்தான், அதையும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பேன்.

2024 தொடக்கத்தில் ஒரு நாள் மின்சாரம் போய் வந்தது. கணினி திரும்ப எழவில்லை. திரையை இணைத்துப் பார்த்தபோது கடைசி வரியில் இது நின்றது: கர்னல் பேனிக், நாட் சின்கிங், விஎஃப்எஸ்: அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன்-பிளாக்(0,0). கர்னல் என்பது இயங்குதளத்தின் மையக்கரு; அது மேலே போக முடியாமல் நின்றுவிடுவதுதான் பேனிக். இங்கே ரூட் என்ற முதன்மைக் கோப்பு முறைமையைத் திறக்க முடியவில்லை என்கிறது.

மின்வெட்டுக்குப் பிறகு இப்படி ஒரு வரியைப் பார்த்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது "டிஸ்க் போச்சு" என்பதுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அடைப்புக்குள் இருக்கும் இரண்டு எண்களைப் படித்திருந்தால் அந்தப் பயம் பாதி குறைந்திருக்கும். முதல் எண் எந்த வகைச் சாதனம் என்பதையும், இரண்டாவது அதில் எந்தப் பகுதி என்பதையும் சொல்கின்றன. (8,1) என்று வந்திருந்தால், முதல் டிஸ்க்கின் முதல் பிரிவு கர்னலின் கண்ணில் பட்டிருக்கிறது, உள்ளே இருக்கும் கோப்பு முறைமையைத்தான் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். (0,0) என்றால் எந்தச் சாதனமும் அதன் கைக்கு வரவில்லை. டிஸ்க் செத்தாலும் இப்படி வரலாம். ஆனால் டிஸ்க்கைத் திறக்கும் சாவிக்கொத்தை யாரும் கர்னலிடம் கொடுக்காமல் விட்டாலும் இதே எண்கள்தான் வரும்.

முதலுதவி

பவரை அணைத்துப் போட்டேன். ஒருமுறை பூட் தோற்றுவிட்டால் உபுண்டுவின் கிரப் (கர்னலைத் தேர்ந்து ஏற்றும் நிரல்) அதைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை பட்டியலைத் தானாகவே 30 நொடி காட்டும். எல்லாம் ஒழுங்காக ஓடும் கணினியில் அந்தப் பட்டியல் மறைந்தே இருக்கும். கணினியின் தொடக்க மென்பொருள் பழைய பயாஸ் என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடிக்க வேண்டும், யூஇஎஃப்ஐ என்றால் எஸ்கேப்பைத் தட்ட வேண்டும். எஸ்கேப்பைப் பதற்றத்தில் படபடவென்று தட்டினால் பட்டியலையும் தாண்டி கிரப்பின் கட்டளை வரியில் போய் விழுவோம். அங்கே "நார்மல்" என்று அடித்து எண்டர் தட்டிவிட்டு, உடனே ஒரே ஒருமுறை எஸ்கேப் தட்டினால் பட்டியல் திரும்பிவிடும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு காலத்தில் அரை மணி நேரம் ஆனது.

பட்டியலில் "அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்" என்ற இரண்டாவது வரிக்குள் போனால் நிறுவப்பட்ட கர்னல்கள் வரிசையாக நிற்கும். 5.15.0-97, 94, 91, கடைசியில் ஒரு 76. ஒவ்வொன்றுக்கும் அடியிலேயே அதன் ரெக்கவரி வடிவம். 97 அப்டேட்டில் வந்தது, ஒருமுறைகூட ஓடாதது. மின்சாரம் போகும்வரை ஓடிக்கொண்டிருந்தது 94. அதைத் தேர்ந்தேன். இருபது நொடியில் லாகின் வரி வந்துவிட்டது.

பழைய கர்னலில் பூட் செய்வதை நிவாரணம் என்று மட்டும் பார்த்தால் அதன் பாதிப் பயன் வீணாகும். அது முதலில் ஒரு சோதனை. 94 எழுந்துவிட்டது என்றால் டிஸ்க் உயிரோடு இருக்கிறது, எல்விஎம் நலம், ரூட் கோப்பு முறைமை நலம், நினைவகமும் கேபிளும் குறைந்தபட்சம் இப்போதைக்குச் சரி. கோளாறு 97-உடன் சேர்ந்து வந்த பொருட்களுக்குள் அடைபட்டுவிட்டது. அந்தப் பொருட்கள் முக்கியமாக மூன்று: /பூட்டில் இருக்கும் விஎம்லினுஸ் என்ற சுருக்கப்பட்ட கர்னல், அதன் துணையான இனிட்ஆர்டி, /லிப்/மாட்யூல்ஸ் அடியில் அந்தப் பதிப்பின் பெயரில் இருக்கும் மாட்யூல்கள் (தேவைப்படும்போது ஏற்றும் டிரைவர் துண்டுகள்). பழைய கர்னலை நிறுவல் நீக்காமல் பக்கத்திலேயே வைத்திருப்பதன் அருமை இதில்தான் இருக்கிறது. பதிப்பு எண் கோப்புப் பெயரிலேயே ஒட்டியிருப்பதால் ஒன்றின் பொருளை இன்னொன்று மிதிக்காது.

இவ்வளவு தெரிந்தும் நான் செய்தது வேறு. "97 கோளாறான கர்னல், அடுத்தது வரட்டும்" என்று முடிவுகட்டினேன். அப்போது தொலைபேசியில் கூப்பிட்டவர்களிடம், "கர்னல் அப்டேட்ல ஏதோ பக், பழசுல ஓட்டிட்டேன்" என்று சொல்லியும் வைத்தேன். பிறகு எந்தப் பதிவில் எழ வேண்டும் என்று சொல்லும் /இடிசி/டீஃபால்ட்/கிரப் கோப்பைத் திறந்து, கிரப்_டீஃபால்ட் வரியில் இருந்த 0-வை "1>2" என்று மாற்றி, பட்டியலைப் புதுப்பிக்கும் அப்டேட்-கிரப் கட்டளையை ஓட்டினேன். கிரப் பூஜ்யத்தில் இருந்து எண்ணும். முதல் பட்டியலில் 1 என்பது அட்வான்ஸ்ட் என்ற வரி. அதற்குள் 0 என்பது 97, 1 என்பது 97-இன் ரெக்கவரி, 2 என்பது 94. ஆக "1>2" என்றால் 94. அன்றைக்கு அது சரிதான்.

நான் பார்த்தும் பார்க்காதது

டிஸ்க் நிரம்பியிருக்குமோ என்ற சந்தேகம் அப்போதே வந்தது. டிஎஃப் கட்டளையைத் தட்டிப் பார்த்தேன். /பூட் 488 எம்பி, 97 சதவீதம் நிரம்பியிருந்தது, 12 எம்பி மிச்சம். 100 இல்லை, விஎம்லினுஸ் 11 எம்பிதான், அதுவும் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறது, எனவே இடப் பிரச்சினை இல்லை என்று கடந்துபோனேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

மறுநாள் வேறு ஏதோ ஒரு சின்ன நிரலை நிறுவப் போனபோதுதான், அந்த வேலையைச் செய்யும் ஏபிடி என்ற கருவி கத்தியது. 97-இன் கர்னல் பொதி (பேக்கேஜ்) பாதி நிறுவிய நிலையில் நிற்கிறது, அதை முடிக்க முயன்றேன், முடியவில்லை என்றது. /வார்/லாக்/ஏபிடி அடியில் உள்ள டெர்ம்.லாக் கோப்பைப் பின்னோக்கிப் புரட்டினேன். மின்வெட்டுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, தானியங்கி அப்டேட்டின்போது, யாரும் பார்க்காத நேரத்தில் அந்த வரி அச்சாகியிருந்தது: நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்.

அதற்கப்புறம்தான் /பூட்டில் எல்எஸ் அடித்துப் பார்த்தேன். 94-க்கு விஎம்லினுஸ் இருந்தது, இனிட்ஆர்டி இருந்தது. 91-க்கும் 76-க்கும் அப்படியே. 97-க்கு விஎம்லினுஸ் மட்டும்.

ஏன் அது இல்லாமல் எழாது

கர்னல் ஏறியதும் ரூட் பிரிவைப் பிடிக்க வேண்டும். ஆனால் ரூட் எல்விஎம்முக்குள் இருக்கிறது. எல்விஎம் தொகுதியை எழுப்ப ஒரு சாதாரண நிரல் ஓட வேண்டும். கர்னல் மட்டும் தனியாக அதைச் செய்யாது. அந்த நிரலோ ரூட் பிரிவில் இருக்கிறது. பெட்டியின் சாவி பெட்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்ட நிலை இது. இதை அவிழ்க்கத்தான் இனிட்ஆர்டி: டிஸ்க்கைப் பேசவைக்கும் டிரைவர்கள், எல்விஎம் கருவி, கொஞ்சம் ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் ஒரு சிறு கோப்பு முறைமையாகச் சுருட்டி, கர்னலுடன் சேர்த்தே கிரப் நினைவகத்தில் ஏற்றிவிடும். விஎம்லினுஸ் ஆயத்தமாக வரும் கோப்பு. இனிட்ஆர்டி அப்படி இல்லை, அந்தந்தக் கணினியிலேயே, கர்னல் நிறுவும்போது சமைக்கப்படுவது. சமைக்க இடமில்லை என்றால் கர்னல் வரும், இது வராது.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு இனிட்ஆர்டி சுமார் 125 எம்பி, விஎம்லினுஸ் 11, சிஸ்டம்.மேப் என்ற துணைக் கோப்பு 6. ஆக ஒரு கர்னலுக்கு 142. மூன்று கர்னல்களுக்கு 426, கிரப்பின் சொந்தச் சாமான் ஒரு 8. 97-இன் விஎம்லினுஸும் சிஸ்டம்.மேப்பும் சேர்ந்தால் 451. அதற்கு மேல் 125 எங்கே நுழையும்? நுழையவில்லை. இனிட்ஆர்டியைச் சமைக்கும் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் எப்போதும் ".நியூ" என்ற முடிவோடு ஒரு தற்காலிகக் கோப்பை எழுதி, முழுதாக முடிந்த பிறகே பெயரை மாற்றும். நடுவில் தோற்றால் அந்த அரைகுறைக் கோப்பை அழித்துவிடும். பண்பான நடத்தைதான், ஆனால் தடயமும் அதோடு போய்விடுகிறது. அந்த ஒரு நொடி 100 சதவீதம் தொட்ட பிரிவு, நான் பார்க்கும்போது 97 சதவீதத்துக்கு இறங்கி அப்பாவியாக நின்றது.

மூன்றாவது கர்னல் ஏன் இருந்தது என்பது அடுத்த கேள்வி. பயன்படாத கர்னல்களை ஏபிடியின் ஆட்டோரிமூவ் அகற்றிவிட வேண்டும். ஓடிக்கொண்டிருப்பதையும் மிகப் புதியதையும் ஒரு முந்தையதையும் மட்டும் விட்டுவைக்கும். 76 அந்தக் கணக்கில் வரவே வராது. ஏபிடி-மார்க் ஷோமேனுவல் பட்டியலில் அதன் பெயர் இருந்தது. முந்தைய ஆண்டு ஒரு நெட்வொர்க் கார்டு தகராறைச் சோதிக்க நானே பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு நிறுவியது. கையால் கேட்டு நிறுவியதை ஆட்டோரிமூவ் தொடாது. வேலை முடிந்தது, கர்னல் தங்கிவிட்டது. /பூட் பிரிவுக்கு 512 எம்பி ஒதுக்கியதும் நான்தான், 18.04 காலத்தில். பிறகு 20.04, 22.04 என்று கணினியை மேலே ஏற்றினேன்; பிரிவு அதே அளவில் கிடந்தது.

இன்னும் ஒரு முடிச்சு பாக்கி. இனிட்ஆர்டி தயாராகவில்லை என்றால் கர்னல் பொதியின் நிறுவல் அங்கேயே நின்றுவிட வேண்டும். அதற்கடுத்த படியான கிரப் பட்டியல் புதுப்பிப்பு ஓடியிருக்கக் கூடாது. அப்படி நின்றிருந்தால் 97 பட்டியலிலேயே வந்திருக்காது, மின்வெட்டுக்குப் பிறகு கணினி சத்தமில்லாமல் 94-இல் எழுந்திருக்கும். ஆனால் அதே அப்டேட் கொத்தில் கிரப் பொதியும் இருந்தது. அது தன் பங்குக்கு அப்டேட்-கிரப்பை ஓட்டியது. அப்டேட்-கிரப் /பூட்டில் விஎம்லினுஸ் என்று தொடங்கும் கோப்புகளைத் தேடும். ஒவ்வொன்றுக்கும் இணையான இனிட்ஆர்டி இருந்தால் சேர்க்கும், இல்லாவிட்டால் அந்த வரியே இல்லாமல் பதிவை எழுதிவிட்டுப் போகும். இனிட்ஆர்டி இல்லாமல் எழும் கணினிகளும் உலகில் உண்டு என்பதால் அது தவறு என்றும் சொல்ல முடியாது. எந்தப் படியும் தன்னளவில் பிழை செய்யவில்லை, கூட்டிப் பார்த்தால் எழாத கணினி.

முதல் நாளே கிரப் பட்டியலில் 97 மேல் நின்று 'ஈ' விசையைத் தட்டியிருந்தால் அந்தப் பதிவின் வரிகள் விரிந்திருக்கும். லினக்ஸ் என்று தொடங்கும் வரி இருக்கும், இனிட்ஆர்டி என்று தொடங்கும் வரி இருக்காது. பத்து நொடி வேலை.

பழுது நீக்கம்

இதில் சொல்ல அதிகம் இல்லை. 76-ஐயும் அதன் ஹெடர்களையும் பர்ஜ் செய்தேன், அதாவது முழுதாக நீக்கினேன். பிறகு, பாதியில் நின்ற நிறுவலை முடிக்க, டிபிகேஜி மைனஸ் மைனஸ் கான்ஃபிகர் மைனஸ் ஏ. இந்த முறை 97-க்கு இனிட்ஆர்டி உருவானது. எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையால் உள்ளே எல்விஎம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இனிட்ஆர்டியைச் சுருக்க மாட்யூல்ஸ்=டெப் என்று மாற்றலாம், அந்தக் கணினிக்குத் தேவையான டிரைவர்கள் மட்டும் உள்ளே போகும், அளவு வெகுவாகக் குறையும். நான் மாற்றவில்லை. நாளை அந்த எஸ்எஸ்டியைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்ட வேண்டி வந்தால் அது எழாமல் போகலாம். மூன்று கர்னலுக்கு இடம் இருக்கிறது, நான்காவதற்குத்தான் இல்லை. நான்காவது வராமல் பார்த்துக்கொள்வது எளிது.

97-ஐச் சோதித்த விதம் மட்டும் சொல்லத் தக்கது. கிரப்-ரீபூட் என்ற கட்டளை, அடுத்த ஒரே ஒரு பூட்டுக்கு மட்டும் இந்தப் பதிவு என்று குறித்து வைக்கும். கிரப் அதைப் படித்தவுடனேயே குறிப்பை அழித்துவிடும். கூடவே கர்னல் வரியில் பேனிக்=10 என்று சேர்த்துவிட்டால், பேனிக் ஆன கர்னல் பத்து நொடி காத்திருந்து தானே ரீபூட் ஆகும்; குறிப்பு அழிந்திருப்பதால் இந்த முறை வழக்கமான பதிவில், அதாவது பழைய கர்னலில் எழும். கணினி பக்கத்தில் இல்லாதவர்களுக்கு இந்த இரட்டை ஏற்பாடு பெரிய நிம்மதி. கிரப்பிலேயே ஃபால்பேக் என்று ஒன்று உண்டே என்று கேட்கலாம். அது கர்னலை ஏற்ற முடியாவிட்டால்தான் வேலை செய்யும். ஏறிவிட்ட கர்னல் பேனிக் ஆனால் கிரப்புக்கு அது தெரியவே தெரியாது.

97 முதல் முயற்சியிலேயே எழுந்தது. ஓடும் கர்னலின் எண்ணைச் சொல்லும் யூனேம் மைனஸ் ஆர் கட்டளை 97 என்று காட்டியது. "கர்னல் மேல் பழி போட்டது தப்பு" என்று எல்லோருக்கும் எழுதிவிட்டுக் கோப்பை மூடினேன்.

பாக்கி இருந்தது

நான்கு மாதம் கழித்து வேறொரு காரணத்துக்காக யூனேம் மைனஸ் ஆர் அடித்தேன். வந்த எண் /பூட்டில் இருந்த மிகப் புதிய கர்னலின் எண் இல்லை. அதற்கு ஒன்று முந்தையது. ரீபூட் செய்தேன். அப்போதும் முந்தையதே.

"1>2" அந்தக் கோப்பில் அப்படியே இருந்தது. சோதனையைக் கிரப்-ரீபூட் வழியாகச் செய்ததால், 97 எழுந்த அன்று எனக்கு எல்லாம் முடிந்துவிட்டதாகத் தோன்றியது. அது ஒருமுறைக்கான அனுமதி என்பதை நானே மறந்துபோனேன். அதற்கடுத்த ரீபூட்டில் கணினி பேசாமல் 94-க்குத் திரும்பியிருக்கிறது. பிறகு ஒவ்வொரு புதிய கர்னல் வரும்போதும் பட்டியலின் மேலே இரண்டு வரி கூடும், மற்றவை இரண்டு படி கீழே இறங்கும். நான் 94 என்று நினைத்து எழுதிய எண்ணின் உண்மையான பொருள் "எப்போதும் கடைசிக்கு முந்தையது". மாதக்கணக்கில் அந்தக் கணினி தன் காலத்துக்கு ஒரு அடி பின்னால் நடந்திருக்கிறது.

எச்சரிக்கை வராமல் இல்லை. நீட்ரீஸ்டார்ட் என்ற நிரல் ஒவ்வொரு ஏபிடி ஓட்டத்தின் முடிவிலும் "பெண்டிங் கர்னல் அப்கிரேட்" என்று ஒரு பெட்டியைத் திறந்து காட்டியது. ஓடும் கர்னல் இது, எதிர்பார்த்த கர்னல் அது என்று இரண்டு எண்களையும் போட்டது. நான் எண்டர் தட்டினேன். சில சமயம் கீழ்ப்படிந்து ரீபூட்டும் செய்தேன். ரீபூட் தேவை என்று சொல்லும் குறிப்புக் கோப்பு /ரன் அடியில் இருப்பதால், எந்தக் கர்னலில் எழுந்தாலும் அது அழிந்துவிடும். ஆகவே லாகின் ஆகும்போது குறை எதுவும் தெரியாது. அடுத்த ஏபிடியில் பெட்டி மறுபடி வரும்போது, இன்னொரு புதுக் கர்னல் வந்திருக்கிறது போலும் என்று நினைத்துக்கொள்வேன்.

இதன் விலை வெறும் எண் வித்தியாசம் இல்லை. அந்த நான்கு மாதத்துக்குள்தான் சிவிஇ-2024-1086 என்று எண்ணிடப்பட்ட பாதுகாப்பு ஓட்டை பெரிதாகப் பேசப்பட்டது. கர்னலில் நெட்வொர்க் போக்குவரத்தை வடிகட்டும் என்எஃப்_டேபிள்ஸ் பகுதியில், 2014-இல் வெளியான 3.15 பதிப்பில் இருந்தே கிடந்த ஓட்டை. கணினியில் சாதாரணக் கணக்கு வைத்திருப்பவர் ரூட், அதாவது முழு அதிகாரம் கொண்ட பயனர், ஆகிவிட முடியும். மார்ச் மாதம் வேலை செய்யும் தாக்குநிரல் பொதுவெளிக்கு வந்தது. மே மாதம் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஐஎஸ்ஏ, உண்மையிலேயே பயன்படுத்தப்படும் ஓட்டைகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது. ஏழெட்டுப் பேர் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே வரும் கணினியில் கர்னல் திருத்தம் ஒரு சுற்று தாமதமாக வருவது சாதாரண விஷயம் இல்லை. எங்களுக்கு எதுவும் நேரவில்லை. அது என் திறமையால் இல்லை.

பழையதில் எவ்வளவு காலம் ஓடலாம்

இந்த நிகழ்வைச் சொல்லும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. 97-இல் இருந்து 94-க்குப் போவதில் நிரல்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, ஒரே 5.15 தொடரின் திருத்தங்கள் அவை. பெரிய தாவல் வேறு சங்கதி. பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பிடிவாதமாகக் காக்கும் விதி ஒரு திசைக்கு மட்டுமே பொருந்தும்: பழைய நிரல் புதிய கர்னலில் ஓட வேண்டும். புதிய நிரல் பழைய கர்னலில் ஓடும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. 2022-இல் வந்த 2.36 பதிப்புக்கு முன்பு வரை, கர்னல் மிகப் பழையதாக இருந்தால் ஜிலிப்சி என்ற அடிப்படை நிரல் நூலகம் தொடக்கத்திலேயே "கர்னல் டூ ஓல்ட்" என்று கையை விரித்துவிடும். கோப்பு முறைமையிலும் இந்தப் பிரச்சினை உண்டு. இ2எஃப்எஸ்பிராக்ஸ் என்ற கருவித்தொகுப்பின் 1.47 பதிப்பைக் கொண்டு உருவாக்கிய இஎக்ஸ்டி4 பிரிவில் ஆர்ஃபன்_ஃபைல் என்ற வசதி இயல்பாகவே இருக்கும், அது 5.15-இல்தான் கர்னலுக்குள் வந்தது. அந்தப் பிரிவு முறையாக மூடப்படாமல் நின்றிருந்தால், அதற்கு முந்தைய கர்னலில் பூட் செய்து எழுதப் பார்த்தால் விடாது. அப்படி நடந்தால் கோளாறு கர்னலில் இல்லை, நாம் பின்னால் போன தூரத்தில் இருக்கும்.

எத்தனை பழைய கர்னல் கையில் இருக்கும் என்பதும் எந்த லினக்ஸ் வினியோகம் (உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச் போன்றவை) என்பதைப் பொறுத்தது. ஃபெடோரா இயல்பாக மூன்றை வைத்திருக்கும். ஆர்ச்சில் அதே பொதி அப்படியே மாறிவிடும், முந்தையது போய்விடும். அங்கே நீண்ட கால ஆதரவுள்ள கர்னலான லினக்ஸ்-எல்டிஎஸ் பொதியையும் பக்கத்தில் நிறுவி வைப்பவர்கள் விவரமானவர்கள்.

இப்போதைய நிலை

கிரப்_டீஃபால்ட் மறுபடி 0. பழைய கர்னலில் நிறுத்தி வைக்க வேண்டி வந்தால் இனி எண் போடுவதில்லை. பதிவின் முழு அடையாளத்தைப் போடுகிறேன். அது நீளமாக, ஜினுலினக்ஸ் என்று தொடங்கி, கர்னல் பதிப்பையும் டிஸ்க் பிரிவின் தனி அடையாள எண்ணான யூயூஐடியையும் தாங்கி நிற்கும். /பூட்/கிரப்/கிரப்.சிஎஃப்ஜி கோப்பில் இருந்து நகலெடுத்தால் போதும். பட்டியல் எப்படிக் குலுங்கினாலும் அது சுட்டும் கர்னல் மாறாது. அந்தக் கர்னலே அகற்றப்பட்டால் கிரப் முதல் பதிவுக்கு வந்துவிடும்.

வாரம் ஒருமுறை ஓடும் ஒரு ஆறு வரி ஸ்கிரிப்டும் எழுதினேன். /பூட்டில் ஒவ்வொரு விஎம்லினுஸுக்கும் ஒரு இனிட்ஆர்டி இருக்கிறதா, மிகப் புதியதன் எண்ணும் யூனேம் சொல்லும் எண்ணும் ஒன்றா என்று மட்டும் பார்க்கும். இல்லையென்றால் எனக்கு ஒரு அஞ்சல். முதல் ஓட்டத்திலேயே ஒரு அஞ்சல் வந்தது. நிறுவி மூன்று நாளாகியும் நான் ரீபூட் செய்யாமல் வைத்திருந்த கர்னல்.